கருஞ்சீரகத்திடம் ஒப்படைக்கக் கூடாத வேலை

"விசர்க் குளிசையைத் தொடங்கினா மௌத்தாகும் மட்டும் விட ஏலாது. அதுவும் ஒரு போதைதான். கருஞ்சீரகமும் தேனும் எடுங்க, சத்தாச் சாப்பிடுங்க, குளிசைய விட்டு வெளிய வந்தவங்களோட பழகுங்க. மத்ததத் தூக்கி வீசுங்க."

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. கலியாண வீட்டுப் பந்தலில் கேட்கலாம். இஷாத் தொழுகை முடிந்து பள்ளி முன்றலில் நிற்கும்போது கேட்கலாம். வட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் வந்து சேரும். சொல்கிறவர் பொய்யர் அல்லர். தானோ தன் வீட்டாரோ பட்டு அறிந்த ஒருவர்தான் பெரும்பாலும் பேசுகிறார். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. முழுப் பொய்யை நம்பி யாரும் குளிசைப் பையைக் குப்பையில் போடுவதில்லை.

அந்தக் கருத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். குளிசையை நிறுத்தினால் தலை சுற்றுகிறது, நித்திரை போகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது, மண்டைக்குள் கரண்ட் அடித்தது போல வெட்டுகிறது. வருத்தத்துக்குக் குடித்த மருந்தே இன்னொரு வருத்தமாகிவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த நஞ்சு இறங்கும் காலத்தில் உடம்பைத் தாங்கிப் பிடிக்க நல்ல சாப்பாடும் கருஞ்சீரகமும் ஒமேகா, மக்னீசியம் போன்ற சத்துக் குளிசைகளும் உதவும். டொக்டருக்கு இந்த அவஸ்தை தெரியாது, அனுபவித்தவருக்குத் தெரியும். ஆகவே அவர்களின் துணையோடு கடந்துவிடலாம். ஷிஃபாவைத் தருபவன் அல்லாஹ், குளிசை அல்ல. இதுதான் வாதம். இதன் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று சரியாகவே இருக்கிறது.

முதற்படி எவ்வளவு சரியென்றால், நம்மூர் உம்மாமார் அதை லண்டன் வைத்தியர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 2018 பெப்ரவரியில் பிரித்தானிய மனநல மருத்துவர்களின் அரச கல்லூரியைச் சேர்ந்த பொறுப்பாளர்கள் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், மனச்சோர்வுக் குளிசையை நிறுத்தும்போது வரும் தொல்லைகள் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் நீங்கிவிடும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2019 மே மாதம் அதே கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றி, சிலருக்கு அது கடுமையாகவும் நீண்ட காலத்துக்கும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அதுவரை நோயாளி சொன்னதற்கெல்லாம் கிடைத்த பதில், "உங்கட பழைய வருத்தம் திரும்புது" என்பதுதான். நம்பிக்கை போனதில் வியப்பில்லை.

நம் கரைக்கு இந்த அவநம்பிக்கையில் தனிக் கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 கடல்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை. அதன் பிறகு, 2005இல் ஏற்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, பெரும்பாலும் அங்கொடை மனநல மருத்துவமனையையே நம்பியிருந்த மனநல சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர முயன்றது. நல்ல காரியம். ஆனால் கிளினிக் நாளில் நடப்பது என்ன? விடியக்காலை வந்து இலக்கம் எடுத்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு காத்திருக்கும் ஒரு பெண் உள்ளே போகிறார். "நித்திர வருதா? சாப்பிடுறீங்களா?" இரண்டு கேள்வி. அதே குளிசை, இன்னும் ஒரு மாதத்துக்கு. எத்தனை காலம் குடிக்க வேண்டும், எப்போது குறைக்கலாம், எப்படி நிறுத்தலாம் என்ற பேச்சே எழுவதில்லை. வெளியே வரிசை நீண்டு கிடக்கிறது. டொக்டரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. இதற்கு மேல் கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரித்த ஆறாத காயம். 'சுகாதார அதிகாரி சொல்கிறார்' என்ற வாசகத்தை இந்த ஊர்கள் அதற்குப் பிறகு பழையபடி கேட்பதில்லை. பிறகு 2022. டொலர் இல்லாமல் மருந்து இறக்குமதி முடங்கியபோது, 'வெளியில் வாங்குங்கள்' என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள், பாமசியிலும் இல்லை. குளிசை கிடைக்காதவர்களில் எத்தனையோ பேர், கேட்காமலே, ஒரே நாளில் நிறுத்தப்பட்டார்கள்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் சொல்கிறேன்: அந்தப் பேச்சு தவறு. நோய்க்குறியைச் சரியாகப் பார்த்துவிட்டு, காரணத்தைத் தவறாகச் சொல்லி, தீர்வைத் தவறான இடத்தில் தேடச் சொல்கிறது.

1. எல்லாக் குளிசையும் ஒரே குளிசையா?

போதை என்ற குற்றச்சாட்டு உண்மையாகப் பொருந்தும் ஒரு வகை இருக்கிறது. டயஸிபாம், குளோனசிபாம், அல்பிரசோலாம் போன்ற நித்திரைக் குளிசைகள். உடம்பு இவற்றுக்குப் பழகும், அளவு போதாமல் போகும், நெடுநாள் குடித்துவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். வேடிக்கை என்னவென்றால், நம்மூரில் ஆட்கள் மிகக் குறைவாகப் பயப்படுவது இவற்றுக்குத்தான். "நித்திரைக்கு ஒண்டு" என்று பாமசியில் கேட்டு வாங்குகிறவர் தன்னை மனநோயாளி என்றே நினைப்பதில்லை. மௌத்து வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தன் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுப்பதும் நடக்கிறது.

ஃபுளுவொக்செட்டின், செர்ட்ரலீன், பரொக்செட்டின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் வேறு ரகம். இவற்றைத் தேடி மனம் ஏங்குவதில்லை, நாளுக்கு நாள் கூட்டிக் குடிக்கத் தோன்றுவதுமில்லை. ஆனால் மூளை இவற்றுக்குப் பழகிவிடுகிறது, நிறுத்தினால் தடுமாறுகிறது. இந்த வகைக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. பரொக்செட்டின் ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகிவிடும். அதனால் விட்டவுடன் உலுக்கும். ஃபுளுவொக்செட்டின் வாரக்கணக்கில் உடம்பில் தங்கித் தானாகவே மெல்ல இறங்கும். "நான் ஒரே நாளில் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும் காக்கா எதைக் குடித்தார் என்று யாரும் கேட்பதில்லை.

லித்தியத்தின் ஆபத்து இன்னொரு பக்கம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு பெரிதாக ஆடாது, ஆனால் மனஎழுச்சி நோய் வேகமாகத் திரும்பி வரும். மனச்சிதைவு நோயில் மற்ற மருந்துகள் பயன் தராதவர்களுக்குத்தான் குளோசபின் கொடுப்பார்கள். அதைச் சட்டென்று விட்டால் நாட்கணக்கிலேயே நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். மாதம் ஒருமுறை ஊசி போடுகிறவர் கதை நேர்மாறு. ஊசி மருந்து தசைக்குள் இருந்து பல வாரங்கள், சிலவேளை மாதங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அவர் ஊசியை விட்டு இரண்டு மாதம் நன்றாகவே நடமாடுவார். அந்த இரண்டு மாதத்தில்தான் அவர் சாட்சியாகிறார், பிறருக்குப் புத்தி சொல்கிறார், குரல் பதிவும் போடுகிறார். ஐந்தாம் மாதம் நடந்ததை யாரும் பதிவு செய்து அனுப்புவதில்லை.

2. "நஞ்சு இறங்குது" என்றால், எது இறங்குகிறது?

இந்தக் கருத்தின் அடித்தளமே இதுதான். உடைய வேண்டியதும் இதுதான். குளிசையை விட்ட சில நாட்களில் பெரும்பாலான மருந்துகள் உடம்பை விட்டுப் போய்விடுகின்றன. தொல்லை அதன் பிறகும் வாரக்கணக்கில் நீள்கிறது. நஞ்சு போன பிறகு நஞ்சால் எப்படித் தொல்லை வரும்? நடப்பது இது: ஆண்டுக்கணக்கில் அந்த மருந்து இருக்கிறது என்று கணக்குப் போட்டு மூளை தன் வேலையை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. மருந்து சட்டென்று இல்லாமல் போக, மூளை மறுபடி ஒழுங்குபட நாள் எடுக்கிறது. கழுவி வெளியேற்ற அங்கே எதுவும் இல்லை. ஆகவே கழுவி வெளியேற்றும் என்று சொல்லி விற்கப்படும் எந்தச் சாறுக்கும் எந்தக் கசாயத்துக்கும் அங்கே வேலையும் இல்லை.

வேலை இருப்பது அளவுக்கும் காலத்துக்கும். 2019இல் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் லான்செட் மனநல இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் வரும் சிட்டலோபிராம் என்ற குளிசையை உதாரணமாகக் கொள்வோம். 20 மில்லிகிராம் குடித்தால், மூளையில் அது பிடிக்க வேண்டிய இடங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடிக்கிறது. 10 மில்லிகிராமுக்கு இறக்கினால் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? ஏறத்தாழ 70 சதவீதத்தில் நிற்கிறது. 5 மில்லிகிராமிலும் 60க்குக் கிட்ட இருக்கிறது. 20 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமென்றால் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே போக வேண்டும். கறிக்கு முதல் சிட்டிகை உப்பு செய்யும் வேலையை ஐந்தாவது சிட்டிகை செய்யாது; இதுவும் அப்படித்தான்.

இப்போது நம் வீடுகளில் நடப்பதை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். குளிசையைப் பிளேடால் பாதியாக வெட்டுகிறார்கள். அதே வாரம் கருஞ்சீரகமும் தொடங்குகிறார்கள். ஒரு தொல்லையும் இல்லை. இருக்காது, 80 இருந்த இடத்தில் 70 இருக்கிறது. பேர் கருஞ்சீரகத்துக்குப் போகிறது. பிறகு கால்வாசி. அப்போதும் பெரிய ஆட்டம் இல்லை, கருஞ்சீரகத்தின் மீது நம்பிக்கை இன்னும் ஏறுகிறது. கடைசிக் கால்துண்டையும் ஒரு வெள்ளிக்கிழமை விட்டுவிடுகிறார்கள். 60 ஒரேயடியாகப் பூச்சியத்துக்கு விழுகிறது. மூன்றாம் நாள் உலகம் சுழல்கிறது. பழி மருந்துக்குப் போகிறது: "பாத்தியா, எவ்வளவு நஞ்சு இருந்திருக்கு." உண்மையில் பிழை அந்தக் கடைசிப் படியின் உயரத்தில். அந்தப் படியை இன்னும் பல சிறு படிகளாக உடைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. மெல்லக் குறைப்பது போலத் தோன்றும். வேகமாக இறங்கும் மருந்தில் அது குறைப்பதே அல்ல. இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறுத்தி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தொடங்குவது. வெட்டுவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட குளிசைகளை, குடலில் கரைய வேண்டும் என்று மேற்பூச்சுப் போட்டவற்றை, பிளேடால் வெட்டினால் அவை செய்யப்பட்ட முறையே கெட்டுவிடும். எதை வெட்டலாம், எதைத் தண்ணீரில் கரைத்து அளந்து குடிக்கலாம், எதற்கு வேறு குளிசைக்கு மாற வேண்டும் என்பதைக் கொப்பியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

3. சாப்பாடு என்ன செய்யும், எதைக் கெடுக்கும்?

நல்ல சாப்பாடு வேண்டாம் என்று யார் சொன்னது? ஓலன்சபின் குடிக்கிறவருக்கு உடம்பு போடும், சீனி ஏறும். அவருக்குச் சோற்றைக் குறைத்து கீரையையும் மீனையும் கூட்டச் சொல்வது மருத்துவமே. ஒமேகா கொழுப்பு மனச்சோர்வில் மருந்தோடு சேர்ந்து சிறிது உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குக் கண்ணாடிக் குப்பிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கல்முனைச் சந்தையில் சூடையும் கீரியும் கிடைக்கின்றன. ஒழுங்கான நேரத்தில் சாப்பாடு, ஒழுங்கான நித்திரை, காலை வெயிலில் நடை: குறைக்கும் நாட்களை இவை தாங்கிக்கொள்ளச் செய்யும். இவ்வளவும் சரி. ஆனால் அதை நம்பி மருந்தை விடும் அளவுக்கு எந்த உணவுக்கும் எந்தச் சத்துக் குளிசைக்கும் சான்று இல்லை.

கெடுதலுக்குத்தான் சான்று இருக்கிறது. லித்தியம் குடிக்கிறவர் பிரஷருக்காக உப்பைத் திடீரென்று வெட்டினால், அல்லது நம் வெயிலில் தண்ணீர் போதாமல் வயலில் நின்றால், அல்லது வயிற்றோட்டம் வந்தால், இரத்தத்தில் லித்தியம் கூடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி என்று தொடங்கி ஆபத்தில் முடியலாம். கத்தாரிலிருந்து வரும் மச்சான் பெட்டியில் கொண்டுவரும் சென்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் குளிசை, மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் காய்ச்சலும் நடுக்கமும் குழப்பமுமாக ஒரு நச்சு நிலையை உண்டாக்கலாம். கர்ப்பத்தடைக் குளிசை போன்ற வேறு பல மருந்துகளின் வேலையையும் குறைத்துவிடும். அமுக்கராக் கிழங்கு மயக்கத்தைக் கூட்டலாம், தைரொய்டைத் தொடலாம். லித்தியம் ஏற்கெனவே தைரொய்டைத் தொடுகிற மருந்து. ஏன், கருஞ்சீரகமே தினமும் கிராம்கணக்கில் எடுத்தால் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் சிலவற்றை மந்தப்படுத்தும் என்று மனிதரில் செய்த சிறு பரிசோதனை ஒன்று காட்டியிருக்கிறது. கறிக்குத் தாளிக்கிற அளவைப் பற்றி நான் பேசவில்லை. 'இயற்கை' என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு பொருள் மருந்தோடு சண்டை பிடிக்காது என்ற நினைப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

4. பட்டவருக்குத்தான் தெரியும் என்றால், பட்டவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள்?

இந்த வாதத்தின் மிக வலுவான படி இது. நானும் இதில் பாதிக்கு மேல் உடன்படுகிறேன். மேலே சொன்ன ஹொரோவிட்ஸ் தானே மனச்சோர்வுக் குளிசை குடித்து, விட முயன்று, படாத பாடு பட்டவர். அதைப் பொதுவெளியில் சொன்னவர். வழி தெரியாமல் நின்றபோது தன் பேராசிரியர்களிடம் கிடைக்காத விடை சக நோயாளிகளிடம் கிடைத்தது என்கிறார். நித்திரைக் குளிசைகளை விடுவிப்பதற்காக 1982 முதல் 1994 வரை இங்கிலாந்தின் நியூகாசிலில் கிளினிக் நடத்திய ஹெதர் அஷ்டனும் தன் நோயாளிகளிடமிருந்தே கற்றார். மருத்துவம் இங்கே மாணவன் இடத்தில்தான் இருந்தது.

ஆனால் அந்த நோயாளிகள் கண்டுபிடித்தது எது? மிக மெல்ல, மிகச் சிறு படிகளில், மாதக்கணக்கில் குறைப்பது. தடுமாறினால் முந்தின படியில் நின்று மூச்சுவிட்டுக்கொள்வது. தூக்கி வீசச் சொல்லும் நம்மூர்ப் பேச்சு, பட்டவர்களின் அறிவு என்ற பெயரில் அந்த அறிவுக்கு நேர்எதிரானதை விற்கிறது.

குளிசையை விட்டவர்களின் கூட்டத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. நன்றாக இருக்கிறவர்தான் கூட்டத்துக்கு வருகிறார். மருந்தை விட்டு மறுபடி விழுந்தவர் வாட்டில் இருக்கிறார், அல்லது வீட்டுப் பின்னறையில். எண்களைப் பார்ப்போம். பிரித்தானியாவில் மனச்சோர்வுக் குளிசையை நெடுநாள் குடித்து, நன்றாக இருந்து, விட விரும்பியவர்களை வைத்துச் செய்த பரிசோதனை 2021இல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் விட்டவர்களில் 56 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு. இதை இரு பக்கமும் வாசிக்க வேண்டும். விட்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் நன்றாகவே இருந்தார்கள். "மௌத்தாகும் மட்டும்" என்பது அவர்களுக்குப் பொய். குடித்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேர் விழுந்தார்கள். குளிசை மந்திரம் அல்ல. ஆனால் மனச்சிதைவு நோயில் கணக்குக் கடுமையாகிறது. 2012இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வின்படி, மருந்து நிறுத்தப்பட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்தில் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு. மனச்சோர்வுக் குளிசையை விட்டு வென்ற ராத்தா ஒருவர், மனச்சிதைவுக்கு ஊசி போடும் தம்பிக்குப் புத்தி சொல்லும்போது, இந்த இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன.

துணைக்கு இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை: பார்த்துக்கொண்டிருப்பது. மனச்சோர்வுக் குளிசையை விட்ட சில நாட்களிலேயே தலைச்சுற்று, கரண்ட் வெட்டு, குமட்டல் என்று புதிதாக வந்தால் அது பெரும்பாலும் நிறுத்தியதன் தொல்லை. பழைய அளவுக்குத் திரும்பினால் விரைவில் அடங்கும். வாரங்கள் கழித்து, மெல்ல மெல்ல, பழைய பயமும் பழைய சந்தேகமும் பழைய அழுகையும் வந்தால் அது நோய். நித்திரையே இல்லாமல் இரவிரவாகப் பேசுவது, சாக வேண்டும் என்ற பேச்சு, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம்: அன்றே ஆஸ்பத்திரி. இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

5. தீனின் பெயரால் சொல்லப்படுவது தீனில் உள்ளதா?

சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. கருஞ்சீரகம் எல்லா நோய்க்கும் மருந்து என்ற நபிமொழியை மறுப்பவன் நானல்ல. அதன் பொதுச் சொல் குறிப்பிட்ட நோய்களையே சுட்டுகிறது என்று விளக்கியவர் அல்கத்தாபீ. அவர் நவீன டொக்டர் அல்லர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹதீஸ் விரிவுரையாளர். தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சி பற்றிய அறிவிப்பும் அது கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்றுதான் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்பல்கீ மனத்துக்கும் உடலுக்கும் சேர்த்து வைத்தியம் எழுதினார். 1284இல் கெய்ரோவில் கட்டப்பட்ட மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. மருந்தை விடுவது தவக்குல் என்றால் இவர்களெல்லாம் எதற்கு மினக்கெட்டார்கள்?

மருந்தை முற்றாக விட்டு தர்ஹாவை மட்டும் நம்பியதன் விலை எவ்வளவு என்று கடலுக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். 2001 ஓகஸ்ட் 6 அதிகாலை, தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தர்ஹாவை ஒட்டிய மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து இறந்தார்கள். பிற்பாடு அங்கே வந்த ஏற்பாடு துஆவைத் தடுக்கவில்லை. துஆவும் நடக்கட்டும், மருந்தும் அதே இடத்தில் கிடைக்கட்டும் என்றது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைத்துப் போகிறவர் கையில் குளிசைப் பையும் இருந்தால் எந்த மார்க்கம் குறைந்துவிடும்?

நோன்புக்கும் இதே பதில். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யச் சலுகை இருக்கிறது. நோற்கக்கூடியவர் ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொல்லி, சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி வேளையை மாற்றி வாங்கலாம். லித்தியம் குடிக்கிறவர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மூன்று வேளைக் குளிசையில் பகல் வேளையைத் தானாகவே வெட்டிவிட்டு, பெருநாள் முடிந்ததும் மறுபடி தொடங்குவது ஆண்டுக்கொருமுறை நிறுத்திப் பார்க்கும் சோதனைதான்.

6. இந்தப் பேச்சு மருந்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

கூட்டுகிறது. இதைத்தான் நான் அதிகம் கவலையோடு சொல்கிறேன். குளிசையை விட்டவர் அதை டொக்டரிடம் சொல்வதில்லை. ஏச்சு விழும் என்ற பயம். உம்மாவும் சேர்ந்து மறைக்கிறார். கிளினிக் நாளில் போகிறார், குளிசையை வாங்குகிறார், அலுமாரியில் அடுக்குகிறார். மூன்று மாதத்தில் நிலைமை கெடுகிறது. டொக்டர் கொப்பியைப் பார்க்கிறார்: இந்த அளவு மருந்து குடித்தும் இப்படியா? அளவைக் கூட்டுகிறார், இன்னொன்றைச் சேர்க்கிறார். இயற்கை வழியில் விடுபடப் போனவர் இரட்டை அளவோடு வீடு திரும்புகிறார்.

அதைவிட மோசமானதும் உண்டு. பயந்துபோன குடும்பம் அலுமாரியில் இருந்ததை எடுத்து, பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கிறது. குளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்தால் பழைய அளவில் தொடங்கவே கூடாது. மிகச் சிறிய அளவிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும், இல்லையென்றால் இரத்த அழுத்தம் விழும், இதயம் தடுமாறும். மனநிலையைச் சீராக்கும் லமோட்ரிஜினையும் சில நாட்கள் விட்டுவிட்டால் அப்படித்தான். திடீரென முழு அளவில் தொடங்கினால் உயிருக்கு ஆபத்தான தோல் நோய் வரலாம். கருஞ்சீரகத்தை விதந்த குரல் பதிவில் இதைச் சொன்னவர் யார்?

இனி வைத்தியர்களிடம். நோயாளி மறைக்கிறார் என்றால், மறைக்கத் தேவைப்படும் இடமாகக் கிளினிக் இருக்கிறது என்று பொருள். முதல்முறை மனச்சோர்வு வந்தவருக்குக் குணமான பிறகு ஆறு மாதமாவது தொடர்ந்து, பின்னர் நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது வழக்கமான வழிகாட்டல்தான். நம் கிளினிக்குகளில் அந்தப் பேச்சு எத்தனை பேருடன் நடக்கிறது? நோயாளி கேட்காவிட்டால் குளிசை அப்படியே ஓடுகிறது. கேட்டால், "விட்டா திரும்ப வரும்" என்ற ஒற்றை வரி. பிரித்தானிய அரசின் நைஸ் அமைப்பு 2022இல் படிப்படியாகக் குறைக்கும் வழிகாட்டலை வெளியிட்டது. மோட்ஸ்லி மருத்துவமனையின் பெயரில் மருந்தைக் குறைப்பதற்கென்றே தனி நூல் 2024இல் வந்தது. அறிவு இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளை, குறைக்க விரும்புகிறவர்களுக்கென்று மட்டும், கல்முனையிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ ஒதுக்க முடியாதா? ஏற்கெனவே குறைத்து முடித்தவர்களில் இருவரை அந்த அறையில் உட்கார வைத்தால், பள்ளி முன்றலில் நடக்கும் பேச்சு டொக்டர் இருக்கும் இடத்திலேயே நடக்கும்.

அது வரும் வரை, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்தக் குளிசை எந்த வருத்தத்துக்கு? எனக்கு இதை எப்போதாவது நிறுத்தலாமா, கூடாதென்றால் ஏன்? குறைப்பதென்றால் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, எத்தனை வாரத்துக்கு ஒரு படி? கடைசி அளவுகளுக்கு வெட்டுவதா, கரைப்பதா, வேறு குளிசையா? நடுவில் தடுமாறினால் எந்த நாளில், யாரிடம் வருவது? நீங்கள் எடுக்கும் கருஞ்சீரகத்தையும் சத்துக் குளிசையையும் மறைக்காமல் மேசையில் வையுங்கள். பதிலை வாயால் வாங்காமல் கொப்பியில் எழுதி வாங்குங்கள். நேரமில்லை என்றால் அடுத்த முறை மறுபடி கேளுங்கள். அதுவரை குளிசை இருந்த அளவிலேயே இருக்கட்டும்.